மூன்றாம் வரிக்குப் பிறகு

"என் பிள்ளை என் குரலுக்குத் தூங்க மாட்டேங்கிறா, மிஸ். உங்க குரலுக்குத்தான் தூங்கறா."

வாசலில் நின்றபடியே எமல்டா இதைச் சொல்லிவிட்டாள். வணக்கம் சொல்லவில்லை. யார், எந்த ஊர் என்று சொல்லவில்லை. சேலத்தில் பஸ் ஏறியதிலிருந்து, ஏற்காட்டு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது. பதினான்காவது வளைவில் குழந்தை அவள் தோளில் கக்கியபோதுகூட அதை நழுவ விடவில்லை.

உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம். முறம் நிறைய மிளகு.

"முதல்ல தோளைக் கழுவுங்க, அக்கா," என்றாள். "குழாய் பின்னால இருக்கு."

அவள்தான் ஜெசிந்தா.

எமல்டா ஒரு நரைத்த தலையை எதிர்பார்த்து வந்திருந்தாள். இவளுக்கு முப்பத்தாறு வயதுதான். எமல்டாவைவிட ஐந்து வயது சின்னவள். மலையில் ஒரு கான்வென்ட் பள்ளியில் பாட்டு மிஸ். லீவு நாளில் பக்கத்து எஸ்டேட் மிளகைக் காம்பு பொறுக்கிக் கொடுப்பாள்.

ஆனாலும் எமல்டாவுக்கு அவள் 'மிஸ்'தான். கான்வென்டில் படித்தவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாருமே மிஸ். அதில் வயசு பார்ப்பதில்லை.

தோளைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மடியில் ரூத். ஐந்து மாதம்.

"இப்போ சொல்லுங்க."

எமல்டா சொன்னாள்.

*

பதினான்கு வருஷங்களுக்கு முன்னால் ஜெசிந்தா ஒரு தாலாட்டு எழுதினாள். நாலே வரி. அவளே மெட்டுப் போட்டு அவளே பாடியது.

மழையே மழையே செருப்பைக் கழட்டு
வாசலில் நின்னு காலைத் துடை
பிள்ளை தூங்கற வீடு இது
பேச்சில்லாம உள்ளே வா

அவளுடைய அண்ணன் அதைத் தன் பட்டன் போனில் பதிவு செய்தான். அந்தப் போனிலிருந்து இன்னொரு போன். அங்கிருந்து ஒரு மெமரி கார்டு. மலையிலிருந்து பாட்டு தானாக இறங்கிப் போனது.

எமல்டா அதை முதன்முதலில் கேட்டது ஒரு ஷேர் ஆட்டோவில். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். சேலம் ஐந்து ரோட்டுச் சந்திப்பில் வண்டி நகராமல் நின்றது. டிரைவர் பாட்டைப் போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டார். பக்கத்தில் யாரோ ஒரு அம்மாவின் கூடையில் கொத்தமல்லி வாசம்.

மூன்றாவது வரி முடிந்ததும் அந்தக் குரல் நின்றது.

பாட்டு நின்றுவிட்டதென்று நினைத்தாள். ஆட்டோவில் இருந்த ஆறு பேருமே காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு, ரொம்ப மெல்ல, நாலாவது வரி.

அன்றிலிருந்து அது அவள் பாட்டு.

அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் பாட்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது டிவியில் வேறு யாரோ பாடினார்கள். பக்கத்து வீட்டு வளைகாப்பில் ஸ்பீக்கரில் வேறு யாரோ பாடினார்கள். அன்று அவளைப் பின் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். வளையல் தட்டு அவள் வரைக்கும் வரவில்லை, பாட்டு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு நாலு வரியையும் கூடவே முணுமுணுத்தாள்.

வயிற்றில் ரூத் வந்த பிறகு, தினமும் சாயங்காலம் பழைய பதிவைப் போட்டுப் போனை வயிற்றின்மேல் வைத்துக்கொள்வாள்.

"அங்கதான் தப்புப் பண்ணிட்டேன் மிஸ். அவ உள்ள இருந்தே உங்க குரலைக் கேட்டுட்டா. வெளிய வந்து பாத்தா நான் நிக்கறேன்."

ஜெசிந்தா ஒரு காம்பைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

"போன வாரம் கரண்ட் போச்சுங்க. போன்லயும் சார்ஜ் இல்ல. நாலு மணி நேரம் கத்தினா. நான் பாடப் பாட ஜாஸ்தி கத்தறா. முகமெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. எங்க வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவுக்கு ஓடி யார்கிட்டயோ சார்ஜ் போட்டுக்கிட்டு வந்தார். பாட்டைப் போட்டதும் ரெண்டு நிமிஷத்துல தூங்கிட்டா."

எமல்டா ரூத்தை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"போன் அணைஞ்சா என் பிள்ளைக்கு அம்மா இல்லைங்க மிஸ்."

ஜெசிந்தா முறத்தை ஒரு தரம் குலுக்கினாள்.

"அதனால?"

"நீங்க பாடின மாதிரியே பாடச் சொல்லிக்குடுங்க. அப்படியே. ஒரு இம்மி பிசகாம."

*

எமல்டா சூரமங்கலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவள். அங்கே வேலையே அதுதான். முன்னால் ஒரு தாள் இருக்கும். அதை அப்படியே அடிக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினால் மார்க் போகும். மேஜைமேல் எப்போதும் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும்.

பாட்டையும் அவள் அப்படித்தான் படித்திருந்தாள். பையிலிருந்து ஒரு ஷார்ட்ஹேண்ட் நோட்டை எடுத்தாள்.

"மொத்தம் பதினொரு பேர் இதைத் திரும்பப் பாடியிருக்காங்க மிஸ். எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கேன். யார் எங்க இழுத்தாங்க, எங்க குறைச்சாங்க, எல்லாம் இதுல இருக்கு. பதினொரு மாதிரியும் நானும் பாடிப் பாத்துட்டேன்."

"பதினொண்ணுமா?"

"எதுக்கும் தூங்கலை."

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "போடுங்க கேக்கலாம். நான் ஒண்ணுகூட முழுசாக் கேட்டதில்லை."

எமல்டா போனைத் தரையில் வைத்தாள். ரூத் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

முதலில் சிங்கப்பூரில் ஒரு அம்மாள் பாடியது. பின்னால் இருபது வயலின். மூன்றாம் வரி முடிந்து குரல் நின்றதும் ஒரு புல்லாங்குழல் நுழைந்தது.

"நல்ல சாரீரம்," என்றாள் ஜெசிந்தா. "இவ்வளவு பேர் வயலின் வாசிச்சா எந்தப் பிள்ளை தூங்கும்?"

அடுத்தது ஒரு காலேஜ் குழு. மூன்றாம் வரிக்குப் பிறகு நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

"பஸ் நின்னு கதவு திறந்த மாதிரி இருக்கு."

அடுத்து ஒரு கல்யாணக் கச்சேரி. அந்த இடத்தில் தவில்காரர் ஒரு உருட்டு உருட்டினார். பின்னால் யாரோ "சாம்பார், சாம்பார்" என்றார்கள்.

"இது எனக்குப் பிடிச்சிருக்கு."

"மிஸ்!"

"நெசமாத்தான். இன்னொரு தடவை போடுங்க."

கிட்டார் பையன் ஒருவன் அந்த இடத்தில் பெருமூச்சு விட்டான். டிவி போட்டியில் பாடிய எட்டு வயதுப் பிள்ளை நிறுத்தியபோது, நடுவர் அழுவது கேட்டது. ஒவ்வொன்றுக்கும் எமல்டா நோட்டைப் பார்த்துக் கணக்குச் சொன்னாள். ஐந்து விநாடி. மூன்றரை. ஆறு.

பதினொன்றும் முடிந்தன.

"அந்த இடத்துல நிறுத்தாமப் பாடினவங்க யாருமே இல்லையா?" ஜெசிந்தா கேட்டாள்.

"எப்படி மிஸ் நிறுத்தாம இருப்பாங்க? அதுதானே பாட்டோட உயிர்!"

"ஓ."

"ஒருத்தர் அதைப் பத்தி மட்டும் மூணு பக்கம் எழுதியிருக்கார். தாய்மைக்கு முன்னால மொழி தோத்துப் போற இடம்னு."

"ஆமாவா?" என்றாள் ஜெசிந்தா. நிஜமாகவே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது.

*

கடைசியாக எமல்டா பழைய பதிவைப் போட்டாள்.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு மழை. பிறகு யாரோ இருமினார்கள்.

ஜெசிந்தாவின் கை மிளகுக்குள் அப்படியே நின்றது.

"அது எங்க அண்ணன்," என்றாள். "அப்போல்லாம் பீடி. இப்போ விட்டுட்டான்."

மழையே மழையே செருப்பைக் கழட்டு.

இருபத்திரண்டு வயதுக் குரல். கொஞ்சம் மூக்கடைப்பு. மழை ஓட்டில் விழும் சத்தத்துக்குப் பின்னால், ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஒழுகல் சொட்டும் சத்தம். டங். டங்.

"ஓட்டு வீடு. அடுத்த வருஷமே பிரிச்சுக் கான்கிரீட் போட்டோம். ஒழுகறது நின்னுச்சு. மழை வந்தா இப்போ தெரியறதே இல்லை."

அவள் போனைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பித்தளைக் குண்டாவை எங்க போட்டேன்னு தெரியலை," என்றாள், தனக்குத்தானே.

எமல்டா ரூத்தைக் காட்டினாள். குழந்தையின் கால்கள் ஓய்ந்திருந்தன. கண் பாதி மூடியிருந்தது.

"பாத்தீங்களா மிஸ்."

மூன்றாம் வரி. நிறுத்தம். ஓட்டில் மழை. டங்.

நாலாவது வரி.

"நாலு விநாடியும் கொஞ்சமும்," என்று எமல்டா கிசுகிசுத்தாள். "எனக்கு அதுதான் மிஸ் வரமாட்டேங்குது. ஒண்ணு சீக்கிரம் எடுத்துடறேன், இல்லாட்டி லேட்டாயிடுது. அங்க என்ன நெனச்சுக்கிட்டு நிறுத்தினீங்க? அதைச் சொல்லிட்டீங்கன்னா எனக்குப் பிடிபட்டுடும்."

பாட்டு முடிந்தது. ரூத் கண்ணைத் திறந்தாள். உதடு பிதுங்கியது.

"பாடுங்க பாப்போம்," என்றாள் ஜெசிந்தா.

*

எமல்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடது கையில் பிள்ளை. வலது கையில் போன். அதில் ஸ்டாப்வாட்ச்சைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

அவள் குரல் மோசமில்லை. மூக்கடைப்பைக்கூட வரவழைத்தாள். மூன்றாம் வரி முடிந்ததும் கட்டைவிரல் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கியது. கண் எண்களோடு ஓடியது. ஒன்று. இரண்டு. மூன்று.

ரூத் வீறிட்டாள்.

"நாலு," என்றாள் எமல்டா, பாதி அழுகையோடு. "சரியாத்தானே மிஸ் நிறுத்தினேன்?"

பழைய பதிவைப் போடப் போனாள். ஜெசிந்தா எட்டி அவள் கையிலிருந்து போனை வாங்கினாள். முறத்தில் ஒரு குழி பறித்தாள். போனை அதில் வைத்து மிளகால் மூடினாள்.

"மிஸ்! போன்!"

"இருக்கட்டும்."

"அழறாளே! அது இல்லாம முடியாது மிஸ்! எனக்குப் பயமா இருக்கு, குடுங்க!"

"இங்கயே இருக்குதுக்கா. எங்கயும் போகாது."

ரூத்தின் முகம் சிவந்தது. எமல்டாவுக்குப் போன வாரத்து நாலு மணி நேரமும் கண்முன்னால் வந்து நின்றது. முறத்தில் கையை விடலாமா என்று பார்த்தாள். பிறகு சட்டென்று வேறொன்று தோன்றியது.

"அப்போ நீங்களே பாடுங்க மிஸ்! நீங்கதான் இருக்கீங்களே! ஒரே ஒரு தடவை!"

ஜெசிந்தா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கினாள். நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு பாடினாள்.

மழையே மழையே செருப்பைக் கழட்டு
வாசலில் நின்னு காலைத் துடை
பிள்ளை தூங்கற வீடு இது பேச்சில்லாம உள்ளே வா

எமல்டா வாயைப் பிளந்தாள்.

ரூத் ஒரு நொடி நிறுத்தி அந்த முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, யாரோ கிள்ளிவிட்ட மாதிரி, முன்னைவிட இரண்டு மடங்கு கத்தினாள்.

"பாத்தீங்களா," என்றாள் ஜெசிந்தா. "எனக்கும் தூங்கலை."

"மிஸ், நீங்க… அங்க நிறுத்தவே இல்லையே!"

"எதுக்கு நிறுத்தணும்?"

"பாட்டே அங்கதானே மிஸ்! பதினொரு பேரும் நிறுத்தறாங்க, எழுதினவங்க நீங்க நிறுத்தலையே!"

"இவதான் இந்தக் கத்துக் கத்தறாளே அக்கா. அப்புறம் எதுக்கு நிறுத்தறது?"

எமல்டாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. மலையேறி வந்தது இதற்கா?

"அன்னிக்கு மட்டும் ஏன் நிறுத்தினீங்க?"

ஜெசிந்தா பிள்ளையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். மற்றக் கையின் ஆள்காட்டி விரலை மடக்கி, எமல்டாவின் மூக்குக்குக் கீழே கொண்டுவந்து, அங்கேயே வைத்திருந்தாள்.

அசையவில்லை. கண்ணை இமைக்கவில்லை.

எமல்டாவின் மூச்சு அந்த விரலில் பட்டுத் திரும்பியது. விரலில் இன்னும் மிளகு வாசம்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலும் கொஞ்சமும்.

ஜெசிந்தா விரலை எடுத்துக்கொண்டாள். அவள் தோள்கள் லேசாகத் தளர்ந்தன.



அந்த விரலை எமல்டாவுக்குத் தெரியும். அது அவளுடைய விரல். ஐந்து மாதமாக, ரூத் தூங்கிய பிறகு அவள் செய்கிற காரியம். ஒரு தடவை அல்ல, இருபது தடவை. படுப்பாள், எழுந்து போய் அந்தச் சின்ன மூக்குக்குக் கீழே விரலை வைப்பாள், சூடாக ஒரு இழை பட்டதும் வந்து படுப்பாள். கண் மூடியதும் மறுபடி எழுவாள். அவள் புருஷன் அமலதாஸ் 'மூக்கு இன்ஸ்பெக்டர் கிளம்பியாச்சா?' என்பான். இதை அவள் தன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நல்ல தாய்க்கு இப்படியெல்லாம் தோன்றாது என்று நினைத்திருந்தாள்.

அந்த இடத்தில் சிங்கப்பூரில் புல்லாங்குழல் வைத்தார்கள். தவிலை உருட்டினார்கள். மூன்று பக்கம் எழுதினார்கள்.

"எம் பொண்ணு எட்டாம் மாசத்துல பிறந்தவ," என்றாள் ஜெசிந்தா. "அணில்பிள்ளை மாதிரி இருந்தா. பாடிக்கிட்டே இருந்தேன். முனகல் நின்னுச்சு. சட்டுனு ரொம்ப நின்னுட்ட மாதிரி இருந்துச்சு."

"நானும்…" என்றாள் எமல்டா. "நானும் மிஸ். தினமும். எப்போ மிஸ் இது விடும்?"

"அவளுக்கு இப்போ பதினாலு வயசு. ஹாஸ்டல்ல படிக்கறா. லீவுக்கு வந்தா நான் இன்னும் எழுந்து போறேன். 'சாகலைம்மா, போய்ப் படு'ங்கறா."

எமல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையை இடித்துக்கொண்டு வந்தது.

ஜெசிந்தா பிள்ளையை நீட்டினாள். "இந்தாங்க. எனக்குக் கை வலிக்குது."

*

எமல்டா வாங்கிக்கொண்டாள். நோட்டு எங்கேயோ கிடந்தது. போன் மிளகுக்குள் கிடந்தது. கையில் பிள்ளை மட்டும் இருந்தாள். வியர்த்து, விக்கி, மூக்கெல்லாம் ஒழுகி.

முந்தானையால் அந்த மூக்கைத் துடைத்தாள்.

"மழையே மழையே," என்று ஆரம்பித்தாள். சுருதி சேரவில்லை. அழுத தொண்டை. சொல் நடுவில் உடைந்தது. ரூத் அலறினாள். எமல்டா தொடர்ந்தாள். நாலு வரி முடிந்ததும் முதலிலிருந்து. அதுவும் முடிந்ததும் மறுபடி. எத்தனை தடவை என்று சொல்வதற்கில்லை. ஜெசிந்தா ஒரு கையளவு மிளகைப் பொறுக்கி முடித்திருப்பாள்.

வெளியே மலைமேல் பனி இறங்கி, ஜன்னல் கம்பி நனைந்தது.

அழுகை விக்கலாயிற்று. விக்கல் முனகலாயிற்று. ஒரு சின்னக் கை வந்து எமல்டாவின் ரவிக்கை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. அவள் பாடிக்கொண்டே அந்த முகத்தைப் பார்த்தாள். இமையில் ஒரு பீளை ஒட்டியிருந்தது. இடது புருவத்தில் முடி கொஞ்சம் சுழித்திருந்தது. அமலதாஸுக்கு இருப்பது போலவே. இத்தனை நாளில் அதை அவள் பார்த்ததே இல்லை.

"மழையே மழையே செருப்பைக் கழட்டு… வாசலில் நின்னு…"

முனகல் நின்றது.

இரண்டாம் வரியின் பாதி. 'காலை' என்ற சொல் வரவேண்டிய இடம். எமல்டாவின் குரல் நின்றது.

விரல் தானாகப் போய் அந்த மூக்குக்குக் கீழே நின்றது.

முறத்தில் ஜெசிந்தாவின் கையும் நின்றது.

எத்தனை நேரமோ.

விரலில் சூடாக ஒரு இழை பட்டது.

"…காலைத் துடை," என்றாள் எமல்டா. குரலே இல்லாமல் மீதி வரிகளைச் சொல்லி முடித்தாள். ரவிக்கை ஓரத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்து மடியில் விழுந்தது.

ஜெசிந்தா மிளகுக்குள் கையை விட்டாள். போனை வெளியே எடுத்து, முந்தானையால் துடைத்து, எமல்டாவின் பக்கமாகத் தள்ளினாள்.

"எத்தனை விநாடி, அக்கா?" என்று கேட்டாள்.

எமல்டா நிமிரவில்லை. பிள்ளையைப் பார்த்தபடியே, தன் உதட்டின்மேல் விரலை வைத்தாள்.